நஷ்ட ஈடும் ஓர் அமானிதமே!



 

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. தொண்டாமுத்தூரில் ஜும்ஆத் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்து கொண்டிருந்த நேரம். பள்ளிவாசலுக்குச் சற்றுத் தள்ளிச் சாலையோரம் தம் காரை நிறுத்தியிருந்த சகோதரர் ஒருவர் திரும்பி வந்து பார்த்தபோது, காரின் பின்பக்க பம்பர் உடைந்து தொங்கிக் கொண்டிருந்தது. வாழைத்தார் ஏற்றிய வேன் ஒன்று பின்னோக்கி வந்தபோது இடித்துவிட்டதாக அருகிலிருந்த பெட்டிக்கடைக்காரர் கூறினார். மண்டிக்கு நேரமாகிவிட்டதென்று தன் தொலைபேசி எண்ணைக் கடையில் எழுதிக் கொடுத்துவிட்டு அந்த ஓட்டுநர் போய்விட்டிருந்தார்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பின் அச்சகோதரர் இன்சூரன்ஸ் படிவத்தோடு நம்மிடம் வந்தார். ஒர்க் ஷாப்பில் அவருக்கு இரண்டு யோசனைகள் கூறப்பட்டிருந்தன. ஓராண்டுக்கு முன்பே கதவில் விழுந்திருந்த கீறலையும் இந்த விபத்திலேயே சேர்த்துக் காட்டிவிடலாம் என்பது ஒன்று. வேன்காரரிடம் ரொக்கமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, 'இடித்த வண்டி எதுவென்று தெரியாது' என எழுதி இன்சூரன்ஸிலும் பணம் பெற்றுவிடலாம் என்பது மற்றொன்று.

"கம்பெனிப் பணந்தானுங்களே ஹஜ்ரத்! வருசா வருசம் பிரீமியம் கட்டறமுங்க. இதுல என்னங்க தப்பு?" என்று அவர் கேட்டார்.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையதன்று. இன்று வாகனம் இல்லாத வீடு அரிதாகிவிட்டது. சாலைகளோ அகலவில்லை. நிறுத்தி வைத்த வாகனத்தை யாரோ இடித்துவிட்டுப் போவது அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. ஆகவே இவ்விஷயத்தில் மார்க்கம் நமக்கு என்ன சொல்கிறது, நாட்டின் சட்டம் என்ன வழிகளைத் தருகிறது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்து வைத்திருப்பது அவசியமாகும்.

நபிமார்கள் இருவர் தீர்த்த வழக்கு

ஒருவரின் உடைமைக்கு மற்றவரால் சேதம் நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்குத் திருமறையிலேயே ஒரு வழக்கு பேசப்படுகிறது. ஸூரத்துல் அன்பியாவின் 78, 79 ஆம் வசனங்களில் அல்லாஹ் அதனைக் குறிப்பிடுகிறான். ஒருவரின் ஆடுகள் இரவு நேரத்தில் மற்றவரின் விளைநிலத்தில் புகுந்து மேய்ந்துவிட்டன. வழக்கு நபி தாவூத் (அலை) அவர்களிடம் வந்தது. பயிரின் இழப்புக்கு ஈடாக ஆடுகளையே நிலத்துக்காரரிடம் கொடுத்துவிட வேண்டுமென அவர்கள் தீர்ப்பளித்ததாக விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர்.

அவர்களின் மைந்தர் ஸுலைமான் (அலை) அவர்கள் வேறொரு தீர்வைச் சொன்னார்கள். நிலத்துக்காரர் ஆடுகளை வைத்துக்கொண்டு அவற்றின் பாலையும் உரோமத்தையும் பயன்படுத்திக்கொள்ளட்டும். அதே வேளையில் ஆட்டுக்காரர் அந்நிலத்தில் உழைத்து, பயிரை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவரட்டும். நிலம் பழைய நிலையை அடைந்ததும் அவரவர் உடைமை அவரவருக்குத் திரும்பட்டும் என்பதே அத்தீர்வு. இருவருக்கும் ஞானத்தையும் கல்வியையும் அருளியதாகக் கூறும் அல்லாஹ், இவ்வழக்கின் விளக்கத்தை ஸுலைமான் (அலை) அவர்களுக்கு உணர்த்தியதாகச் சிறப்பித்துச் சொல்கிறான்.

தோட்டமும் துரவுமாக வாழும் நம் பகுதி மக்களுக்கு இவ்வழக்கின் நியாயம் எளிதில் விளங்கும். நிலத்துக்காரர் இழந்தது திரும்பக் கிடைக்கிறது. ஆட்டுக்காரரின் உடைமை அழிந்து போகவுமில்லை. நஷ்ட ஈடு என்பது இழந்ததைத் திரும்பப் பெறுவது. அது ஆதாயம் தேடும் வழியன்று. இன்றைய இன்சூரன்ஸ் சட்டமும் இதே அடிப்படையின் மீதுதான் நிற்கிறது. விபத்துக்கு முந்தைய நிலைக்கு உங்களைக் கொண்டு வருவது மட்டுமே அதன் கடமை; அதைவிடச் செல்வந்தராக்குவது அதன் வேலையன்று.

நபிகளார் (ஸல்) அவர்களின் இல்லத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியும் இதனைத் தெளிவாக்குகிறது. அவர்களின் மனைவியருள் ஒருவர் ஒரு பாத்திரத்தில் உணவு அனுப்பினார். அச்சமயம் நபியவர்கள் தங்கியிருந்த வீட்டு மனைவி, ரோஷத்தால் பணியாளின் கையைத் தட்டிவிட, பாத்திரம் விழுந்து உடைந்தது. நபியவர்கள் உடைந்த துண்டுகளைத் தம் கையாலேயே பொறுக்கிச் சேர்த்தார்கள். சிதறிய உணவையும் எடுத்து வைத்தார்கள். பின்னர், உடைத்தவரின் வீட்டிலிருந்த நல்ல பாத்திரத்தை எடுத்து அனுப்பி வைத்துவிட்டு, உடைந்த பாத்திரத்தை அந்த வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். (நூல்: புகாரி) ஒரு பாத்திரத்துக்கு ஒரு பாத்திரம்! கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

'வேண்டுமென்று இடிக்கவில்லையே!'

இடித்தவர் பெரும்பாலும் சொல்லும் சமாதானம் இது. குற்றம் வேறு, ஈடு வேறு என்பதை அவர் புரிந்துகொள்ள வேண்டும். தவறுதலாக நடந்த செயலுக்கு மறுமையில் குற்றம் பிடிக்கப்படாமல் போகலாம். ஆனால் சேதத்துக்கான பொறுப்பு நீங்கிவிடாது. தவறுதலாக ஓர் உயிர் போனாலும் அதற்கு நஷ்ட ஈடு உண்டென ஸூரத்துன் நிஸாவின் 92 ஆம் வசனம் விதிக்கிறது.

உஸ்மானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் தொகுக்கப்பட்ட 'மஜல்லா' எனும் சட்டத் தொகுப்பின் 92 ஆம் பிரிவும், நேரடியாகச் சேதம் விளைவித்தவர் நாட்டமின்றிச் செய்திருந்தாலும் பொறுப்பாளியே என்கிறது. இதனை ஃபுகஹாக்கள் 'ளமான்' என்பர். ஆகவே மார்க்கத்தின் பார்வையில் முதல் பொறுப்பு இடித்தவருடையது. இன்சூரன்ஸ் நிறுவனம் அதற்குப் பின்னர்தான் வருகிறது.

மூன்று வழிகள்

வாகனம் சேதமடைந்தவருக்கு இன்று மூன்று வழிகள் உள்ளன. ஒவ்வொன்றின் நிலையையும் அறிந்துகொள்வோம்.

முதல் வழி, இடித்தவரிடமே செலவைப் பெறுவது. சிறு சேதங்களுக்கு இதுவே நேர்மையானதும் எளிதானதுமாகும். செலவை ஒர்க் ஷாப்பில் மதிப்பிட்டு எழுதி வாங்கி, அத்தொகைக்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்டு, தேதி, வாகன எண், தொகை ஆகியவற்றோடு ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி ஸூரத்துல் பகராவின் 282 ஆம் வசனம் நமக்குக் கற்றுத் தந்திருப்பதை மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது வழி, இடித்தவரின் இன்சூரன்ஸ். 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 146 ஆம் பிரிவுப்படி, சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாகும். இங்கே மூன்றாம் நபர் என்பது நீங்கள். மற்றவரின் உடைமைக்கு ஏற்படும் சேதத்துக்குப் பொதுவாகக் கார்களின் பாலிஸியில் ஏழரை லட்சம் ரூபாய் வரையிலும், இரு சக்கர வாகனங்களின் பாலிஸியில் ஒரு லட்சம் ரூபாய் வரையிலும் காப்பு உண்டு. ஆனால் இத்தொகை ஒரு படிவத்தை நிரப்பியவுடன் கிடைத்துவிடுவதில்லை. காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகி, அதன் அடிப்படையில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டுமென 166 ஆம் பிரிவு கூறுகிறது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடித்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு. பம்பர் ஒன்றுக்காக இவ்வளவு தூரம் செல்பவர்கள் குறைவு. காரே உருக்குலைந்து போகும்படியான பெரும் சேதத்திற்கு இவ்வழி உதவும்.

இடித்தவரிடம் காப்பீடே இல்லாதிருந்தால்? இக்கேள்வி நம் கோவையோடு தொடர்புடையது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளின் கொடுமையைக் கண்டு 2012 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில்தான், காப்பீடின்றி ஓடும் வாகனங்களின் பிரச்சினையைக் கருத்திற்கொண்டு, புதிய கார்களுக்கு மூன்றாண்டும் புதிய இரு சக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டும் மூன்றாம் நபர் காப்பீட்டை ஒருசேர எடுக்க வேண்டுமென 2018 ஜூலையில் நீதிமன்றம் ஆணையிட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. காப்பீடு இல்லாதவர் இடித்தால் அவர் தம் கைப்பொருளிலிருந்தே ஈடு செய்ய வேண்டும். நம்மில் எத்தனை பேரின் இரு சக்கர வாகனங்களுக்குக் காப்பீடு காலாவதியாகிக் கிடக்கிறது என்பதை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழி, உங்கள் சொந்த பாலிஸி. இங்கே பலர் ஏமாந்து போகின்றனர். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருப்பவருக்குத் தம் காரின் சேதத்துக்கு ஒரு பைசாவும் கிடைக்காது. முழுமைக் காப்பீடு எடுத்திருந்தால் மட்டுமே கிடைக்கும். இடித்த வண்டி எதுவென்றே தெரியாத நிலையில் இந்த ஒரு வழியே எஞ்சும். அடையாளம் தெரியாத வாகனம் மோதினால் அரசு தரும் உதவித் தொகை, உயிரிழப்புக்கு இரண்டு லட்சமும் கொடுங்காயத்துக்கு ஐம்பதாயிரமும் ஆகும். வாகனச் சேதத்துக்கு அதில் இடமில்லை.

ஒரு சிறு கணக்கு

நம்மிடம் வந்த சகோதரரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வரி நீங்கலாக மொத்தச் செலவு 12,000 ரூபாய். அதில் புதிய பம்பர் 6,000. பெயின்ட் வேலை 4,000. கழற்றி மாட்டும் கூலி 2,000.

பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானமாகப் பாதியைக் கழித்துவிடுவர். ஆகவே பம்பருக்கு 3,000 மட்டுமே கிடைக்கும். பெயின்ட் செலவில் கால் பங்கைப் பொருள் செலவாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பர். அவ்வகையில் 3,500 கிடைக்கும். கூலி 2,000 முழுமையாகக் கிடைக்கும். ஆக 8,500. இதிலிருந்து, 1500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு உரிமையாளர் கட்டாயமாக ஏற்க வேண்டிய 1,000 ரூபாயும் கழியும். முடிவில் கைக்கு வருவது 7,500. தேய்மானம் கழிக்கப்படாத கூடுதல் பாலிஸி எடுத்தவர்களுக்கு இக்கணக்கு மாறும்.

இத்துடன் முடியவில்லை. கிளைம் செய்யாதவர்களுக்குத் தரப்படும் 'நோ கிளைம் போனஸ்' எனும் தள்ளுபடி, முதலாண்டு 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45 என உயர்ந்து 50 சதவீதத்தில் நிற்கும். ஒரு முறை கிளைம் செய்துவிட்டால் அடுத்த புதுப்பித்தலில் அது பூஜ்ஜியமாகிவிடும். அச்சகோதரர் 35 சதவீதத் தள்ளுபடியில் இருந்தார். தள்ளுபடிக்கு முந்தைய சொந்தச் சேதப் பிரீமியம் ஆண்டுக்கு 8,000 என்று வைத்துக்கொண்டால், மீண்டும் பழைய படியை எட்டும் வரையுள்ள ஐந்தாண்டுகளில் அவர் இழக்கக் கூடிய தள்ளுபடி மொத்தம் 9,600 ரூபாய். பெறுவது 7,500, இழப்பது 9,600!

ஒர்க் ஷாப்பில் இக்கணக்கை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சிறு சேதங்களுக்கு அவசரப்பட்டுப் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன் ஒவ்வொருவரும் இவ்வாறு கணக்கிட்டுப் பார்ப்பது நலம்.

உடனே செய்ய வேண்டியவை

1. வண்டியை நகர்த்தும் முன் நான்கு புறமும் புகைப்படம் எடுங்கள். வண்டி நின்ற இடமும் சாலையின் அகலமும் படத்தில் தெரிய வேண்டும்.

2. அருகிலுள்ள கடைகளிலும் பள்ளிவாசலிலும் கண்காணிப்புக் கேமரா இருந்தால் அன்றே பதிவைக் கேட்டு வாங்குங்கள். நாட்கள் சென்றால் அது அழிந்துவிடும். கண்ணால் கண்டவரின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. இடித்த வண்டியின் பதிவெண் தெரிந்தால், 'எம்-பரிவாகன்' செயலியில் அதன் காப்பீடு நடப்பில் உள்ளதா என்பதைப் பார்க்கலாம்.

4. இடித்தவர் தெரியாதவராயின், அல்லது சேதம் பெரிதாயின், காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் அளித்து அதற்கான ரசீதைப் பெறுங்கள்.

5. சொந்த பாலிஸியில் கிளைம் செய்வதாயின் தாமதமின்றி நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். சர்வேயர் வந்து பார்க்கும் முன் பழுது நீக்காதீர்கள்.

6. உரிய தொகை நியாயமின்றி மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். முப்பது நாட்களில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி தரவில்லையென்றாலோ ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். தமிழகத்துக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. ஐம்பது லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை.

உரிமையைக் கேட்டுப் பெறுவது மார்க்கத்துக்கு முரணானதன்று. பொய்யின்றிக் கேட்க வேண்டும் என்பதே நிபந்தனை.

இன்சூரன்ஸ் பற்றிய மார்க்க நிலை

வணிக முறையிலான இன்சூரன்ஸில் வட்டியும், நிச்சயமற்ற தன்மையும், சூதாட்டத்தின் சாயலும் கலந்திருப்பதால் அது கூடாது என்பதே உலமாக்களில் பெரும்பாலோரின் நிலையாகும். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் அவ்வாறே முடிவு செய்து, பரஸ்பர உதவியின் அடிப்படையில் அமைந்த கூட்டுறவுக் காப்பீட்டை அதற்கு மாற்றாக அறிவித்தது. நம் நாட்டில் மூன்றாம் நபர் காப்பீடு சட்டத்தின் கட்டாயம் என்பதால் அதனை எடுப்பவர் மீது குற்றமில்லை என உலமாக்கள் விளக்கியுள்ளனர்.

இடித்தவரின் பொறுப்பில் உள்ள ஈட்டை அவர் சார்பாக அவரது நிறுவனம் உங்களுக்குச் செலுத்தினால், நீங்கள் பெறுவது உங்கள் சேதத்துக்குரிய ஈடாகும். உங்கள் சொந்த பாலிஸியிலிருந்து பெறும் தொகையைப் பொறுத்த வரை, கட்டிய பிரீமியத்தின் அளவுக்கு எடுத்துக்கொண்டு மிகுதியை நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டுமெனப் பேணுதலான முஃப்திகள் பலர் கூறுகின்றனர். நிர்ப்பந்தங்களைக் கருதி இதில் சலுகை காட்டுவோரும் உள்ளனர். உங்கள் பாலிஸியின் தன்மையை விவரித்து, நீங்கள் நம்பும் முஃப்தியிடம் தெளிவு பெற்றுக்கொள்ளுங்கள். இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பொய் சொல்லிப் பெறும் தொகை ஹராம் என்பதில் எவரிடத்திலும் கருத்து வேறுபாடு இல்லை!

நம்மிடையே பரவியுள்ள நான்கு பொய்கள்

பழைய கீறலைப் புதிய விபத்தில் சேர்ப்பது முதலாவது. தானியக் குவியலுக்குள் கை விட்டு, உள்ளே ஈரத்தை மறைத்து வைத்திருந்த வியாபாரியைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். (நூல்: முஸ்லிம்) சர்வேயரிடம் காட்டப்படும் பழைய கீறலுக்கும் அந்த ஈரத் தானியத்துக்கும் என்ன வேறுபாடு?

இடித்தவரிடமும் நிறுவனத்திடமும் ஒரே சேதத்துக்கு இருமுறை பெறுவது இரண்டாவது. நிறுவனம் உங்களுக்கு ஈடு செய்துவிட்டால், இடித்தவரிடம் கேட்கும் உரிமை அதற்குச் சென்றுவிடும். இடித்தவர் முழுமையாகக் கொடுத்துவிட்டால், நிறுவனத்திடம் கேட்க உங்களுக்கு இழப்பே மீதமில்லை.

ஓட்டுநர் உரிமம் இல்லாத மகன் வண்டியை எடுத்துச் சுவரில் உரசிவிட்டு வர, 'நிறுத்தியிருந்த வண்டியை யாரோ இடித்துவிட்டார்கள்' என்று தந்தை எழுதிக் கொடுப்பது மூன்றாவது. இப்பொய் மிகவும் பரவியிருப்பதால், உண்மையாகவே பாதிக்கப்பட்டவர் சொல்வதையும் நிறுவனங்கள் ஐயத்தோடு பார்க்கின்றன. அது மட்டுமா? தந்தையின் கையெழுத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கும் பிள்ளை அன்று என்ன பாடம் கற்றுக்கொள்கிறான்? பதினெட்டு வயது நிரம்பாதவரிடம் வண்டியைக் கொடுத்துக் குற்றம் நேர்ந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவுப்படி மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் பெற்றோருக்கு உண்டு என்பதையும் மறவாதீர்.

கிளைம் செய்திருந்தும் செய்யவில்லை என எழுதி, தள்ளுபடியோடு வேறு நிறுவனத்தில் பாலிஸி எடுப்பது நான்காவது. உண்மை வெளியாகும் நாளில் அந்த பாலிஸியின் ஈடு மறுக்கப்படும்.

'கம்பெனிப் பணம்தானே' என்பதற்கு நபிகளாரின் வாழ்விலேயே பதில் இருக்கிறது. ஹிஜ்ரத்தின் இரவில் அவர்களைக் கொல்ல வாளோடு சூழ்ந்து நின்றனர் குறைஷிகள். அந்த ஊராரின் அமானிதப் பொருட்கள் நபியவர்களிடம் இருந்தன. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வருமாறு ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களை மக்காவிலேயே விட்டுவிட்டுத்தான் சென்றார்கள். பகைவரின் பொருளிலேயே இவ்வளவு பேணுதல் என்றால், ஆயிரக்கணக்கானோர் கட்டிய பிரீமியம் சேர்ந்திருக்கும் பணத்தில் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

வாதத் திறமையால் ஒருவர் தம் சகோதரரின் உரிமையைத் தமக்குச் சாதகமாகத் தீர்ப்பாகப் பெற்றுவிட்டால், அவர் பெற்றது நெருப்பின் ஒரு துண்டே என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். (நூல்: புகாரி, முஸ்லிம்) நபியவர்களே வழங்கும் தீர்ப்பின் நிலை இதுவென்றால், சர்வேயர் போடும் ஒப்புதல் கையொப்பம் ஹராமை எப்படி ஹலாலாக்கும்?

இடித்தவர் நாமாக இருந்தால்...

சாலையில் ஆளில்லை, கேமராவும் இல்லை. மெல்ல நகர்ந்து போய்விடலாம் என ஷைத்தான் சொல்வான். அப்போது இதனை நினைவில் கொள்ளுங்கள். மற்றவரின் உடைமைக்கு விளைத்த சேதம் 'ஹுகூகுல் இபாத்' எனும் அடியார்களின் உரிமையில் சேரும். உரியவர் பெற்றுக்கொள்ளும் வரை, அல்லது மன்னிக்கும் வரை தவ்பாவினால் மட்டும் அது நீங்காது. தம் சகோதரருக்கு அநீதி இழைத்தவர், தீனாரும் திர்ஹமும் பயன்படாத நாள் வரும் முன் இன்றே தீர்த்துக்கொள்ளட்டும் என்பது நபிமொழி. (நூல்: புகாரி) அந்நாளில் நம் தொழுகையும் நோன்பும் அன்றோ பம்பருக்கு ஈடாகப் பிடித்துக் கொடுக்கப்படும்!

ஆகவே உரிமையாளரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பெயரும் எண்ணும் எழுதிக் கண்ணாடியில் செருகி வையுங்கள். பக்கத்துக் கடையில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். சட்டமும் இதையே கோருகிறது. மற்றவரின் உடைமை சேதமடைந்த விபத்தை 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும், தம் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அறிவிப்பதும் 134 ஆம் பிரிவுப்படி ஓட்டுநரின் கடமையாகும். என்றோ இடித்துவிட்டு வந்து, இன்று உரியவரைக் கண்டறிய வழியே இல்லை என்றால், அச்சேதத்தின் மதிப்பை அவர் பெயரால் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். பின்னாளில் அவர் கிடைத்துக் கேட்டால் அவருக்கும் கொடுக்க வேண்டும்.

நிறுத்திய இடம் சரிதானா?

கார் உரிமையாளரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. பொதுவழியில் செல்லும் உரிமை, பிறருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும் நிபந்தனைக்கு உட்பட்டது என்பது ஃபுகஹாக்களின் விதி. பிறருக்கு ஆபத்தாகவோ இடையூறாகவோ வண்டியை நிறுத்துவதை 122 ஆம் பிரிவு தடை செய்கிறது. வளைவிலும் வாசலிலும் நிறுத்திவிட்டு, இடித்தவரிடம் முழுத் தொகையையும் கேட்பது நீதியன்று. பொறுப்பில் நமக்கும் பங்குண்டு.

குறிப்பாக ஜும்ஆ நேரத்தில் நாம் இதனைக் கவனிக்க வேண்டும். குத்பா தொடங்கிய பின் அவசரமாக வந்து, பாதிச் சாலையை மறித்து நிறுத்திவிட்டு உள்ளே நுழைகிறோம். வெளியே ஆம்புலன்ஸும் பேருந்தும், சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் வண்டிகளும் தவித்து நிற்கின்றன. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என நபியவர்கள் கற்பித்திருக்க, நாமே இடையூறாக ஆகலாமா?

அச்சகோதரர் செய்தது

இவற்றையெல்லாம் கேட்ட அச்சகோதரர் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வேன் ஓட்டுநரை அழைத்துப் பேசினார். அவர் நாள் கூலிக்கு வண்டி ஓட்டும் மாற்று மதத்து இளைஞர். எண்ணைக் கொடுத்துவிட்டுச் சென்ற நேர்மையாளர் அவர். எனினும் மொத்தமாகப் பன்னிரண்டாயிரம் புரட்ட வழியில்லை. சிரமத்திலிருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்குமாறு ஸூரத்துல் பகராவின் 280 ஆம் வசனம் கூறுவதை எடுத்துச் சொன்னோம். மூவாயிரம் ரூபாயைத் தாமே விட்டுக்கொடுத்து, எஞ்சிய ஒன்பதாயிரத்தை மாதம் மூவாயிரமாக மூன்று தவணையில் பெற்றுக்கொள்ளச் சகோதரர் சம்மதித்தார். பெட்டிக்கடைக்காரரின் சாட்சியோடு எழுதிக் கையொப்பமிட்டனர். மூன்று தவணையும் தேதி தவறாமல் வந்து சேர்ந்தன.

கதவில் இருந்த பழைய கீறல் இன்றும் அப்படியே இருக்கிறது. "அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு நிம்மதியா இருக்குதுங்க ஹஜ்ரத்!" என்று சென்ற வாரம் அவர் கூறினார்.

அன்பானவர்களே! நமக்கு இழப்பு நேரும்போதுதான் நம் ஈமான் சோதிக்கப்படுகிறது. இடிபட்ட நம் வண்டியை ஊரார் அனைவரும் பார்க்கின்றனர். படிவத்தில் நாம் என்ன எழுதுகிறோம் என்பதை அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நமக்கு உரியதை நேர்மையோடு கேட்டுப் பெறவும், பிறருக்கு உரியதைத் தாமதமின்றிக் கொடுத்துவிடவும், இயன்ற இடத்தில் மன்னித்து விட்டுக்கொடுக்கவும் அல்லாஹ் நமக்கு நல்லுதவி செய்வானாக! ஹராமான ஒரு கவளமும் நம் பிள்ளைகளின் வயிற்றில் சேராமல் காத்தருள்வானாக! ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!